மே மாதத்திலேயே விற்கப்படும் மோதல்கள்: தேசிய ஃபுட்பால் லீக்குக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீக்கின் ஆணையருக்கும் 32 அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

மே மாதம் அடுத்த சீசனின் அட்டவணையை வெளியிடப் போகிறீர்கள். 2029 வரை காத்திருக்காமல் தொலைக்காட்சி ஒப்பந்தங்களை முன்கூட்டியே பேசி முடிக்கும் எண்ணம் இருப்பதாக ஆணையர் சொல்லிவிட்டார். இந்த இரண்டு வேலையும் முடிவதற்குள் என் முறையீட்டைப் படித்துவிடுங்கள். நான் நியூஜெர்சியில் எடிசன் நகரில் குடியிருக்கும் தமிழன். நியூயார்க் ஜெட்ஸ் ரசிகன். எங்கள் அணி கடைசியாக பிளேஆஃப், அதாவது சீசனுக்குப் பிறகு நடக்கும் நாக்-அவுட் சுற்று, ஆடியது 2011 ஜனவரியில். ஓயாமல் ஜெயிக்கிற அணிகளால் எனக்கு ஒரு காசு லாபம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

இருந்தாலும் சொல்கிறேன். ஓர் அணி பல வருஷம் கோலோச்சுவது இந்த ஆட்டத்துக்கு நல்லதுதான். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் இரண்டு குவாட்டர்பேக்குகள் ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொள்வது அதைவிட நல்லது. எனக்குப் பொறுக்காதது வேறு. களத்தில் தானாக விளைகிற அந்த மோதலை நீங்கள் மே மாதத்திலேயே விலைபேசி முடிக்கிறீர்கள். துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு சந்தாவுக்குப் பின்னால் பூட்டுகிறீர்கள். அதற்காக ஆட்டக்காரர்களின் உடம்பையும் மற்ற அணி ரசிகர்களின் பொறுமையையும் செலவழிக்கிறீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதில் என் சாட்சிக்குக் கொஞ்சம் எடை உண்டு.

2001 செப்டம்பர் 23 அன்று எங்கள் மோ லூயிஸ், பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோவை எல்லைக்கோட்டருகே மோதித் தள்ளினார். பிளெட்சோவுக்கு உள்காயம், ரத்தக்கசிவு. அவருக்குப் பதிலாக இறங்கிய பையன் டாம் பிரேடி, 2000 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் ஜெட்ஸ் நான்கு பேரை எடுத்திருந்தது. அதில் ஒருவர் குவாட்டர்பேக். அன்றைய ஆட்டத்தை 10-3 என்று நாங்கள்தான் ஜெயித்தோம். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2001 முதல் 2019 வரை எங்கள் பிரிவில் 17 முறை பேட்ரியட்ஸ்தான் முதலிடம். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்களோடு மோதியே ஆக வேண்டும் என்று அட்டவணை எங்கள் தலையில் எழுதியிருந்தது.

அந்த இருபது வருஷமும் நான் டிவியை அணைக்கவில்லை. என் அலுவலகத்தில் யாரும் அணைக்கவில்லை. 2010 டிசம்பரில் பேட்ரியட்ஸ் எங்களை 45-3 என்று துவைத்துக் காயப்போட்டது. மறுநாள் காலை காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஜெட்ஸ் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆறு வாரம் கழித்து பேட்ரியட்ஸின் அதே ஃபாக்ஸ்பரோ மைதானத்தில், பிளேஆஃபில், அதே பிரேடியை 28-21 என்று வீழ்த்தினோம். அடுத்த வாரம் பிட்ஸ்பர்க்கிடம் தோற்று வெளியேறியதெல்லாம் பிறகு. அந்த ஒரு ராத்திரியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஒரு சராசரி அணியை வீழ்த்தியிருந்தால் இந்த ருசி வருமா? எதிரே நின்றது அசைக்க முடியாத அணி என்பதால்தான் அந்த வெற்றிக்கு அவ்வளவு கனம்.

குவாட்டர்பேக் மோதல்களும் அப்படித்தான். பிரேடியும் பெய்டன் மேனிங்கும் 17 முறை எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். 11 முறை பிரேடி பக்கம் வெற்றி. பிளேஆஃபில் மட்டும் மேனிங்குக்கு 3-2. அந்தப் போட்டியால் ஆட்டமே மாறியது. 2004 ஜனவரியில் நடந்த, லீக்கின் ஒரு பாதியான ஏ.எஃப்.சி.யின் இறுதிப்போட்டியில் பேட்ரியட்ஸின் டை லா மூன்று முறை மேனிங்கின் பந்தை இடைமறித்தார். மேனிங்கின் அணியான கோல்ட்ஸின் பந்து பிடிக்கும் ஆட்கள் நகரவே முடியாதபடி கட்டிப்பிடித்து நிறுத்தப்பட்டார்கள். அடுத்த சீசனில் அப்படிப் பிடித்து நிறுத்துவதைத் தடுக்கும் விதியை நடுவர்கள் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். மேனிங் 49 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) எறிந்து அன்றைய சாதனையை முறியடித்தார். அதே மாதிரி, 2022 ஜனவரியில் கான்சஸ் சிட்டியின் மஹோம்ஸும் பஃபலோவின் ஜாஷ் ஆலனும் ஆடிய ஆட்டம். 13 விநாடி மிச்சம் இருக்கும்போது பஃபலோ முன்னிலை. இரண்டே நகர்வில் 44 கெஜம் போய், ஃபீல்ட் கோல் அடித்து, கான்சஸ் சிட்டி சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் காசு சுண்டியதில் வென்று முதல் முயற்சியிலேயே டச்டவுன் போட்டு 42-36 என்று முடித்தது. ஆலன் கையில் பந்து வரவே இல்லை. நாடே கொதித்தது. இரண்டு மாதத்தில் நீங்கள் விதியை மாற்றினீர்கள்: பிளேஆஃப் கூடுதல் நேரத்தில் இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. 2025இல் அதை வழக்கமான சீசனுக்கும் நீட்டினீர்கள். நல்ல மோதல் விளையாட்டைத் திருத்தும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை.

(இடையில் ஒன்று. பிரேடியும் மேனிங்கும் ஒரு விநாடிகூட ஒரே நேரத்தில் களத்தில் எதிரெதிரே நின்று ஆடியதில்லை. ஒருவர் ஆடும்போது மற்றவர் பெஞ்சில். மேனிங்கை மடக்கியது டை லா. ஆனால் உங்கள் விளம்பரங்களில் டை லாவின் முகம் எங்கே?)

ஆனால் ஆதிக்கம் மட்டுமே ஒரு லீக்கை வாழவைத்துவிடாது. அனைத்து அமெரிக்க ஃபுட்பால் மாநாடு என்று ஒரு போட்டி லீக் 1946இல் தொடங்கியது. நான்கு வருஷம் நடந்தது. நான்கு வருஷமும் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ்தான் சாம்பியன். கடைசியில் கிளீவ்லாண்டிலேயே கூட்டம் குறைந்தது. 1949உடன் அந்த லீக் மூடப்பட்டது. ஜெயிக்கப் போவது யார் என்று முன்பே தெரிந்தால் ஜெயிக்கிற ஊர்க்காரனுக்கே சலிப்பு தட்டிவிடுகிறது.

உங்கள் லீக் அந்தக் கதிக்கு ஆளாகாததற்குக் காரணம் உங்கள் முன்னோர்கள் போட்டுவைத்த ஏற்பாடு. 1936இல் தொடங்கிய டிராஃப்டில் கடைசி இடத்து அணிக்குத்தான் முதல் தேர்வு. 1961இல் டிவி பணத்தை எல்லா அணிக்கும் சமமாகப் பங்கிடச் சம்மதித்ததில் நியூயார்க் ஜயன்ட்ஸை வைத்திருந்த மாரா குடும்பமும் உண்டு. நாட்டின் மிகப் பெரிய சந்தை அவர்கள் கையில் இருந்தது, மறுத்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சம்மதத்தால்தான் கிரீன் பே மாதிரி ஒரு சின்ன ஊர் இன்றும் லீக்கில் இருக்கிறது. 1994இல் சம்பள உச்சவரம்பு வந்தது. இத்தனை தடுப்பையும் மீறி ஓர் அணி இருபது வருஷம் ஜெயித்தால் அது உண்மையான சாதனை. பிரேடியின் பெருமையே அதில்தான் இருக்கிறது. மஹோம்ஸின் பெருமையும்.

இனி நீங்கள் செய்வது என்னவென்று பார்ப்போம்.

2024இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் வாரத்தின் ஆறு கிழமைகளில் ஆடியது. செவ்வாய் மட்டும்தான் பாக்கி. டிசம்பர் 15, 21, 25 என்று 11 நாளில் மூன்று ஆட்டம். 15ஆம் தேதி ஆட்டத்தில் மஹோம்ஸின் கணுக்கால் பிசகியது. ஆறு நாளில் மறுபடி இறங்கினார். அதிலிருந்து நான்கே நாளில் கிறிஸ்துமஸ் ஆட்டம். முகம் தெரிந்த ஆட்டக்காரர் என்பதற்காகவே அவருக்கு ஓய்வு குறைகிறது. ஆட்டக்காரர்களின் உடல்நலத்துக்கே முதலிடம் என்று நீங்கள் பேசுவதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இந்த முகவியாபாரம் எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை வந்தது. 2023இல் புகழ்பெற்ற குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் ஜெட்ஸுக்கு வந்ததும், அதுவரை பிரைம் டைமில் அரிதாகவே தலைகாட்டிய எங்களை இரவு ஆட்டங்களில் அடுக்கினீர்கள். நன்றித் திருநாளுக்கு மறுநாளான பிளாக் ஃபிரைடேயில் முதல்முறையாக நடத்திய ஆட்டத்தையும் எங்களுக்கே கொடுத்தீர்கள். செப்டம்பர் 11, திங்கள் இரவு. ராஜர்ஸ் அமெரிக்கக் கொடியை ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார். என் மகன் வீட்டுக்குள் பச்சை ஜெர்ஸி போட்டுக்கொண்டு சோபா மேல் நின்றிருந்தான். நான்காவது நகர்விலேயே ராஜர்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. சீசன் முடிந்தது. அன்றைய ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் நாங்கள் ஜெயித்தோம் என்பது வேறு விஷயம். ஜெயிக்க வைத்தவர் சேவியர் கிப்சன், டிராஃப்டில் யாருமே எடுக்காத ஆள். அந்த வருஷம் முழுக்க நாட்டு மக்கள் இரவு நேரத்தில் பார்த்தது ராஜர்ஸ் இல்லாத ஜெட்ஸைத்தான். பிளாக் ஃபிரைடே அன்று இடைவேளைக்குக் கடைசி நொடியில் எங்கள் ஆள் கடைசி நம்பிக்கையாகத் தூர எறிந்த பந்தை மயாமி பிடித்து 99 கெஜம் ஓடி டச்டவுன் ஆக்கியதை நாடே பார்த்தது. நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஜெட்ஸா, அட்டவணை போட்டவர்களா?

அதில் பாடம் படித்தீர்களா என்றால் இல்லை. 2025 கிறிஸ்துமஸ் இரவுக்கு டென்வரும் கான்சஸ் சிட்டியும் ஆடுவதாக மே மாதமே முடிவாகி, அந்த ஆட்டம் ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்குப் போய்விட்டது. டிசம்பர் 14 அன்று மஹோம்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது சீஃப்ஸ் பிளேஆஃப் பந்தயத்திலேயே இல்லை. அந்தச் சீசனில் அவர்கள் ஜெயித்தது ஆறே ஆட்டம். 2016 முதல் ஒன்பது வருஷம் தொடர்ந்து தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அது.

அப்புறம் பிப்ரவரியில் இறுதிப்போட்டிக்கு வந்தது யார்? சியாட்டில் சீஹாக்ஸும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும். முந்தைய வருஷம் இரண்டுமே பிளேஆஃப் கூடப் பார்க்கவில்லை. பேட்ரியட்ஸ் அந்த வருஷம் 4 வெற்றி, 13 தோல்வி. கோப்பையை வென்ற சியாட்டிலின் குவாட்டர்பேக் சாம் டார்னால்ட். 2018 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக ஜெட்ஸ் எடுத்து, மூன்று வருஷத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட அதே டார்னால்ட். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்கப் போவதில்லை. இந்த இறுதிப்போட்டியை மே மாதம் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். டிராஃப்டும் சம்பள உச்சவரம்பும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. அடுத்த பெரிய மோதல் எந்த ஊரில் முளைக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரியாமல் இருப்பதற்குத்தான் நாங்கள் பணம் கொடுக்கிறோம்.

பார்வையாளர் கணக்கை நீட்டுவீர்கள், தெரியும். 2025 பிப்ரவரியில் சீஃப்ஸும் ஈகிள்ஸும் ஆடிய இறுதிப்போட்டியான சூப்பர் பவுலைச் சராசரியாக 12.77 கோடிப் பேர் பார்த்தார்கள். பெரிய எண்தான். ஆனால் அந்த ஆட்டம் சந்தா இல்லாமல் ஆன்டெனாவிலேயே வந்தது. இலவசமாக ஸ்ட்ரீமிங்கிலும் வந்தது. யாரும் பார்க்கலாம் என்றால் எல்லாரும் பார்க்கிறார்கள். இந்த எண்ணைக் காட்டி அடுத்த பிளேஆஃப் ஆட்டத்தைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

பூட்டியதால் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன். 2024 ஜனவரியில் சீஃப்ஸும் மயாமியும் ஆடிய பிளேஆஃப் ஆட்டம், அந்த இரண்டு ஊரைத் தவிர மற்ற இடங்களில் ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் மட்டும் வந்தது. கான்சஸ் சிட்டியில் அன்று இரவு வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். லீக்கின் வரலாற்றிலேயே மிகக் குளிரான ஆட்டங்களில் ஒன்று. மைதானத்தில் இருந்தவர்களில் சிலருக்கு உறைபனிப் புண் வந்து விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று என்று பிறகு செய்தி வந்தது. அந்தக் குளிரில் அவர்கள் நின்றார்கள். இங்கே எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் இருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே ஆன்டெனாவில் ஆட்டம் பார்த்துவருபவர். எனக்கு ஃபர்ஸ்ட் டவுன் என்றால் என்ன, பந்தை ஏன் உதைத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். அன்று இரவு அவர் வானொலியில் ஆட்டம் கேட்டார். அது ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. 2025 ஜனவரியிலும் 2026 ஜனவரியிலும் தலா ஒரு பிளேஆஃப் ஆட்டம் அதே மாதிரி ஸ்ட்ரீமிங்குக்குப் போனது.

என் மகன் இப்போது வட கரோலினாவில் படிக்கிறான். அவனுக்கு வேண்டியது ஜெட்ஸ் ஆடும் 17 ஆட்டங்கள். ஆனால் ஞாயிறு மதிய ஆட்டத்தை அவன் அங்கிருந்து பார்க்க, வெளியூர் ஆட்டங்கள் மொத்தத்தையும் வாங்க வேண்டும். இட்லி மட்டும் வேண்டும் என்பவனிடம் கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக் காசு வாங்குகிற கதை. 2022இல் ஈ.எஸ்.பி.என். இந்தத் தொகுப்பை 70 டாலருக்கு, ஓர் அணியை மட்டும் வாங்கும் வசதியோடு தரலாம் என்று கேட்டதும் லீக் அதை ஏற்காததும் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தன. அந்த வழக்கில்தான் 2024 ஜூனில் ஜூரி உங்களுக்கு எதிராக 470 கோடி டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகஸ்டில் நீதிபதி அதை ரத்துசெய்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. சட்டப்படி யார் சரி என்பது நீதிமன்றத்தின் பாடு. எட்டுச் சாதாரண மனிதர்கள் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு என்ன நினைத்தார்கள் என்பதை நீங்கள் மறக்காதீர்கள்.

இன்னொரு தொல்லை, ஆட்டத்தின் நேரத்தை நடுவில் மாற்றுவது. நன்றாகப் போகிற அணிகளை இரவுக்கு இழுக்க வேண்டும், அதற்காக ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம் இரவு 8:20க்குப் போகிறது. சீசனின் கடைசி வாரங்களில் இதற்கு ஆறு நாள் முன்னறிவிப்பு போதும் என்பது விதி. 2023இல் வியாழன் ஆட்டங்களையும் இப்படி மாற்றலாம் என்று கொண்டுவந்தபோது உரிமையாளர்களில் எட்டுப் பேர் எதிர்த்தீர்கள். ஜயன்ட்ஸின் ஜான் மாரா வெளிப்படையாகவே கண்டித்தார். இரவு ஆட்டம் முடிந்து சீகாகஸ் ரயில் நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நள்ளிரவு தாண்டியும் வரிசை நகராது. ஹெல்மெட் படம் போட்ட கம்பளித் தொப்பியோடு பிள்ளைகள் அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விடிந்தால் பள்ளிக்கூடம். இவர்கள் டிக்கெட் வாங்கியது மதிய ஆட்டத்துக்கு.

சாவ் பாவ்லோ, டப்ளின், மாட்ரிட், பெர்லின் என்று புது ரசிகர்களைத் தேடி 2025இல் ஊர் ஊராகப் போனீர்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, இந்த ஆட்டத்தை ஒவ்வொரு விதியாகக் கற்றுக்கொண்டு, தோற்கிற அணியையே பிடித்துக்கொண்டிருக்கும் என் போன்ற ஆட்கள் நியூஜெர்சியில் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். எங்களைச் சம்பாதிக்க நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை.

நான் கேட்பவை இவை. பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட சந்தாவுக்குப் பின்னால் போகக் கூடாது. இதைப் புதிய ஒப்பந்தங்களில் எழுத்தில் போடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் காட்டுவதானால் கூடவே ஆன்டெனாவிலும் நாடு முழுக்கக் காட்டுங்கள். வெளியூரில் இருக்கும் ரசிகன் தன் அணியின் ஆட்டங்களை மட்டும் வாங்க ஒரு வழி செய்யுங்கள்.

எந்த அணிக்கும் 11 நாளில் மூன்று ஆட்டம் வைக்காதீர்கள். கிறிஸ்துமஸ் புதன்கிழமை வந்தாலும் சரி, எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தாலும் சரி. ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசும்போது 18ஆவது ஆட்டத்தை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். 17க்கே மஹோம்ஸின் முழங்கால் தாங்கவில்லை.

சீசனின் முதல் பாதியில் ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது ஓர் இரவு ஆட்டமாவது கொடுங்கள். 2025 அட்டவணையில் சில அணிகளுக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆலனோ அடுத்த டார்னால்டோ அங்கேதான் இருக்கலாம், நாடு பார்த்தால்தானே தெரியும். பிற்பாதியில் நேரம் மாற்றுவதானால் நான்கு வாரம் முன்னால் சொல்லுங்கள். அதற்குள் முடியாவிட்டால் டிக்கெட் வாங்கியவர்கள் கேட்டால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

புதிதாக வரும் ஸ்ட்ரீமிங் பணமும் 1961இன் முறைப்படியே 32 பங்காகச் சமமாகப் பிரியும் என்று இப்போதே அறிவியுங்கள். புகழ்பெற்ற அணிகளுக்குக் கூடுதல் பங்கு என்ற பேச்சை எந்த உரிமையாளர் எடுத்தாலும் மற்றவர்கள் எழுந்து நில்லுங்கள்.

கடைசியாக, மே மாதம் அட்டவணையோடு சேர்த்து இன்னொரு பட்டியலையும் வெளியிடுங்கள்: ஒவ்வோர் அணியின் ரசிகனும் தன் அணியின் 17 ஆட்டங்களையும் பார்க்க எத்தனை சந்தா கட்ட வேண்டும், மொத்தம் எத்தனை டாலர் ஆகும் என்று, உள்ளூருக்கும் வெளியூருக்கும் தனித்தனியாக, 32 அணிக்கும்.

இப்படிக்கு,
நியூயார்க் ஜெட்ஸ் ரசிகன் ஒருவன்
எடிசன், நியூஜெர்சி